ஈரத்தில் ஒட்டும் பசைகள்: காயத்தை மூடுவது எந்த மூலக்கூறு?

மனித உடலின் உட்புறம் முழுவதும் ஈரமானது. ஆனால் அன்றாட வாழ்வில் பயன்படும் பசைகளில் பெரும்பாலானவை ஈரமான இடத்தில் ஒட்டாதவை. அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் போர்க்களத்திலும் இந்த முரண்பாடு உயிர்ப் பிரச்சினையாகிறது. இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் திசுவின் மீது ஒட்டி, சில நொடிகளில் இறுகி, வேலை முடிந்ததும் தீங்கின்றி மறைந்துவிடும் பசை ஒன்றை மருத்துவ உலகம் பல தசாப்தங்களாகத் தேடி வருகின்றது.

இந்தத் தேடலின் முக்கியமான கட்டங்கள் சில அமெரிக்காவின் நியூஜெர்ஸி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி, டெக்சாஸ் ஆகிய இடங்களில் நடந்துள்ளன. ஈரம் பட்டதும் வேலை செய்யத் தொடங்கும் பசைகள் பல இன்று பயன்பாட்டில் உள்ளன. அவை ஒவ்வொன்றும் எங்கே உதவும், எங்கே தீங்கு செய்யும் என்பதைத் தீர்மானிப்பது அவற்றின் மூலக்கூறுகளின் வேதியியல் கட்டமைப்பே. சில வேளைகளில், கூடுதலாக உள்ள ஓரிரு கரிம அணுக்களே மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான வேறுபாடாக அமைந்துவிடுகின்றன.

நீர் ஏன் தடையாகிறது?

ஒரு பசை ஒட்ட வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் பரப்பை நேரடியாகத் தொட வேண்டும். ஈரமான பரப்பில் நீர் மூலக்கூறுகள் முன்கூட்டியே இடம்பிடித்துப் படலமாகப் படர்ந்திருக்கின்றன. உடலின் திரவங்களிலும் கடல் நீரிலும் உள்ள உப்பின் அயனிகளும் அந்தப் படலத்தில் சேர்ந்துகொள்கின்றன. பசை இவற்றை விலக்கிவிட்டு உள்ளே செல்ல வேண்டும்.

தபால் தலையின் பின்புறத்தில் உள்ள கோந்தும் ஈரம் பட்டால்தான் ஒட்டுகிறது. ஆனால் அந்த ஈரம் காய்ந்த பிறகே பிடிப்பு உறுதியாகிறது. உடலுக்குள் ஈரம் காய்வதில்லை. ஆகவே அங்கே பயன்படும் பசை, நீர் இருக்கும்போதே இறுக வேண்டும். இதற்கு ஒரு வழி, நீரையே வேதிவினையின் தொடக்கப் புள்ளியாக ஆக்கிக்கொள்வது.

துப்பாக்கிக் குறிநோக்கியிலிருந்து மருத்துவமனைக்கு

சயனோஅக்ரிலேட் என்ற வேதிப்பொருளின் வரலாறு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹாரி கூவர், 1942ஆம் ஆண்டில் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்கான தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடியபோது இப்பொருளை எதிர்கொண்டார். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அது அப்போது கைவிடப்பட்டது. டென்னசி மாநிலத்தில் உள்ள கிங்ஸ்போர்ட்டில் 1951ஆம் ஆண்டில் அது மீண்டும் கவனத்துக்கு வந்தது. 1958ஆம் ஆண்டில் பசையாக விற்பனைக்கு வந்தது.

இந்த மூலக்கூறில் இரண்டு கரிம அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்துள்ளன. அவற்றில் ஒன்றில் சயனோ தொகுதியும் எஸ்டர் தொகுதியும் பொருத்தப்பட்டுள்ளன. இவை இரண்டும் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பவை. இதனால் மறுமுனையில் உள்ள கரிம அணு எலக்ட்ரான் பற்றாக்குறையுடன் இருக்கிறது.

தோலில் உள்ள மிகச் சிறிய அளவு ஈரம்கூட அந்த முனையைத் தாக்கப் போதுமானது. தாக்கப்பட்ட மூலக்கூறு அடுத்த மூலக்கூறைத் தாக்க, அது அதற்கடுத்ததைத் தாக்க, நொடிகளில் நீண்ட சங்கிலி உருவாகித் திரவம் திடப்பொருளாகிறது. புட்டிக்குள் பசை இறுகாமல் இருப்பதற்காக அதில் சிறிதளவு அமிலம் சேர்க்கப்படுகிறது.

வியட்நாம் போரின்போது காயமடைந்த அமெரிக்கப் படையினரின் இரத்தப் பெருக்கை நிறுத்த இவ்வகைப் பசை தெளிப்பானாகப் பயன்படுத்தப்பட்டது. ஆயினும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு நீண்ட காலம் அனுமதிக்கவில்லை. அதற்கான காரணம் எஸ்டர் தொகுதியில் தொங்கும் கரிமச் சங்கிலியின் நீளத்தில் இருந்தது.

அந்தச் சங்கிலியில் ஒரு கரிம அணு இருந்தால் அது மெத்தில் வகை. இரண்டு இருந்தால் எத்தில், நான்கு இருந்தால் பியூட்டில், எட்டு இருந்தால் ஆக்டைல். குட்டையான சங்கிலி கொண்டவை மிக வேகமாக இறுகுகின்றன. அப்போது வெப்பத்தையும் வெளியிடுகின்றன. இறுகிய பின்னர் அவை நொறுங்கும் தன்மை கொண்டவையாக இருக்கின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. அவற்றை இறுகச் செய்த அதே நீர், பின்னர் அவற்றை விரைவாகச் சிதைக்கவும் செய்கிறது. சிதையும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது. சடலங்களைப் பதப்படுத்தப் பயன்படும் அந்த வேதிப்பொருள் உயிருள்ள திசுவில் அழற்சியை ஏற்படுத்துகிறது.

சங்கிலி நீள நீள, அது எண்ணெய்த் தன்மை பெற்று நீரை அண்டவிடாமல் தடுக்கிறது. சிதைவு மெதுவாகிறது. ஆகவே ஃபார்மால்டிஹைடு சிறிது சிறிதாகவே வெளியாகிறது, உடல் அதைச் சமாளித்துக்கொள்கிறது. தோலுடன் சேர்ந்து வளையும் தன்மையும் கூடுகிறது. இதற்கு ஈடாக, பசை இறுகும் வேகம் சற்றுக் குறைகிறது.

நியூஜெர்ஸியில் இருந்து சந்தைக்கு

எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட ஆக்டைல் வகையை வட கரோலைனா மாநிலத்தின் குளோஷர் மெடிக்கல் நிறுவனம் உருவாக்கியது. நியூஜெர்ஸியின் சோமர்வில் நகரைத் தளமாகக் கொண்டிருந்த, ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் எத்திகன் நிறுவனம் அதை டெர்மாபாண்ட் என்ற பெயரில் சந்தைப்படுத்தியது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. தையல் நூல் தயாரிப்பில் புகழ்பெற்ற ஒரு நிறுவனமே தையலுக்கு மாற்றான பசையை விற்க முன்வந்தது குறிப்பிடத்தக்கது.

இதற்கு முந்தைய ஆண்டில், கனடாவில் 130 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகியிருந்தன. தையலிட்ட காயங்களும் பசையால் மூடிய காயங்களும் ஆறிய பின்னர் தோற்றத்தில் ஒத்தே இருந்தன. ஆனால் தையலுக்குச் சுமார் பன்னிரண்டு நிமிடங்கள் தேவைப்பட்ட இடத்தில், பசைக்குச் சுமார் நான்கு நிமிடங்களே போதுமானதாக இருந்தன. பசைக்கு ஊசியும் தேவைப்படவில்லை. குழந்தைகளுக்கு இது பெரும் ஆறுதல்.

இந்தப் பசை தோலின் வெளிப்புறத்துக்கு மட்டுமே உரியது. ஐந்து முதல் பத்து நாட்களில், மேல்தோல் உதிரும்போது அதுவும் உதிர்ந்துவிடுகிறது. சிலருக்கு ஒவ்வாமையால் தோல் அழற்சி ஏற்படுவதும் பதிவாகியுள்ளது.

நான்கு கரிம அணுக்கள் கொண்ட பியூட்டில் வகைக்கு வேறொரு வேலை இருக்கிறது. இரத்தத்தைத் தொட்டதும் விரைவாக இறுகுவதால், மூளையின் தாறுமாறான இரத்தக் குழாய்ப் பின்னல்களை அடைப்பதற்கு அது பயன்படுகிறது. அமெரிக்காவில் இதற்கு 2000ஆம் ஆண்டில் அனுமதி வழங்கப்பட்டது. கல்லீரல் நோயால் இரைப்பையில் புடைத்து இரத்தம் கக்கும் சிரைகளுக்குள், உள்நோக்கிக் கருவி வழியாக இதே பசையைச் செலுத்தும் சிகிச்சை இந்திய மருத்துவமனைகளிலும் வழக்கத்தில் உள்ளது.

வீடுகளில் உடைந்த பொருட்களை ஒட்டப் பயன்படும் உடனடிப் பசைகளில் பெரும்பாலானவை இரண்டு கரிம அணுக்கள் கொண்ட எத்தில் வகையைச் சேர்ந்தவை. வெட்டுக்காயத்தின் மீது அவற்றைத் தடவும் பழக்கம் பல நாடுகளில் உள்ளது. அவை மருத்துவப் பசையைப் போலவே ஒட்டும் என்பது உண்மை. ஆனால் அவை கிருமி நீக்கம் செய்யப்பட்டவை அல்ல. விரைந்து சிதைந்து திசுவை உறுத்தக் கூடியவையும் ஆகும்.

விரிகுடாப் பகுதியின் நான்கு கைகள்

சயனோஅக்ரிலேட் இறுகினால் கடினமாகிறது. துடிக்கும் தமனி, மூளையைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு போன்றவற்றுக்கு மென்மையான பசை தேவை. இதற்காகச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், பாலோ ஆல்டோ நகரின் கொஹீஷன் டெக்னாலஜிஸ் நிறுவனம் வேறொரு வழியில் சென்றது. அதன் கோசீல் என்ற பசைக்கு 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தமனிகளில் இட்ட தையல் துளைகள் வழியாக இரத்தம் கசிவதைத் தடுப்பது அதன் பணி.

இதன் அடிப்படை, நீரில் எளிதாகக் கரையும் பாலிஎத்திலீன் கிளைகால். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நான்கு கைகள் உண்டு. ஒரு வகை மூலக்கூறின் கைகளில் கந்தகம் அடங்கிய தொகுதியும், மற்றொரு வகையின் கைகளில் அதனுடன் வினைபுரியத் துடிக்கும் எஸ்டர் தொகுதியும் இருக்கின்றன. இரண்டும் கலந்தவுடன் கைகள் கோத்துக்கொண்டு வலையாகின்றன. சில கைகள் திசுவின் புரதங்களையும் பற்றிக்கொள்கின்றன. சில நொடிகளில் நீர் நிறைந்த கூழ் போன்ற படலம் உருவாகிறது.

இங்கேயும் நீர் இரட்டை வேடம் போடுகிறது. வினைத்திறன் கொண்ட எஸ்டர் தொகுதியை நீரே மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும். ஆகவே அது உலர்ந்த தூளாகவே பாதுகாக்கப்படுகிறது. கரைத்த பின்னர் குறுகிய நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். இறுகிய வலையில் உள்ள எஸ்டர் பிணைப்புகளும் நீரால் அறுபடுவதால், சில வாரங்களில் பசை கரைந்து வெளியேறிவிடுகிறது. எஸ்டருக்குப் பதிலாக, நீரை எளிதில் எதிர்க்கும் அமைடு பிணைப்பை வைத்தால் வலை நீண்ட காலம் நிற்கும்.

நீரை விரும்பும் இயல்புக்கு ஒரு விலையும் உண்டு. கோசீல் 24 மணி நேரத்துக்குள் தன் பருமனைப் போல நான்கு மடங்கு வரை வீங்கக்கூடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த டூராசீல் என்ற பசைக்கு, மூளையின் மேற்சவ்வை மூடுவதற்காக 2005ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உருவான அதனை, 2014ஆம் ஆண்டில் நியூஜெர்ஸியின் இன்டெக்ரா லைஃப்சயன்ஸஸ் நிறுவனம் வாங்கியது. அது ஒவ்வொரு திசையிலும் 50 சதவீதம் வரை வீங்கக்கூடும் என்பதால், நரம்புகள் செல்லும் குறுகிய எலும்புப் பகுதிகளில் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை உள்ளது. வீங்கிய பசை நரம்பை நசுக்கிவிடலாம் என்பதே அச்சம்.

டெக்சாஸில் நடந்த போர்க்களச் சோதனைகள்

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் அமெரிக்க இராணுவத்தின் அறுவைச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஆப்கானிஸ்தான், இராக் போர்களின் தொடக்க ஆண்டுகளில், இரத்தப் பெருக்கை நிறுத்தும் புதிய கட்டுத்துணிகள் அங்கே பன்றிகளைக் கொண்டு சோதிக்கப்பட்டன.

அவற்றில் ஒன்று கைட்டோசான் கட்டுத்துணி. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கினால் கைட்டோசான் கிடைக்கிறது. நீக்கப்பட்ட இடத்தில் அமைன் தொகுதி வெளிப்படுகிறது. இரத்தத்தால் நனைந்ததும் அது நேர்மின் சுமையுடன் நிற்கிறது. இரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பிலோ எதிர்மின் சுமை இருக்கிறது. இரண்டும் ஈர்க்கப்பட்டுப் பசைபோல ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு அசிட்டைல் நீக்கப்படுகிறதோ, அவ்வளவு மின்சுமை கூடுகிறது.

கல்லீரலில் கடுமையான காயம் ஏற்பட்ட விலங்குகளில் இந்தக் கட்டுத்துணி இரத்த இழப்பைக் குறைத்து, பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டியதாக 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால் 2005ஆம் ஆண்டில் அதே நிலையத்திலிருந்து வெளியான மற்றோர் ஆய்வில் வேறு படம் தெரிந்தது. உடலின் மிகப்பெரிய தமனியில் துளையிட்ட சோதனையில், கைட்டோசான் முதலில் இரத்தத்தை நிறுத்தினாலும் பின்னர் பிடிப்பை இழந்தது. ஃபைப்ரினோஜன் என்ற புரதம் உலர்த்திச் சேர்க்கப்பட்ட கட்டுத்துணியோ தாக்குப்பிடித்தது.

இந்த வேறுபாட்டையும் மூலக்கூறுகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கைட்டோசானின் பிடிப்பு பெரும்பாலும் மின்சுமைகளின் ஈர்ப்பைச் சார்ந்தது. உப்பு நிறைந்த இரத்தம் தொடர்ந்து அழுத்தத்துடன் மோதும்போது அந்த ஈர்ப்பு தளர்ந்துபோகக்கூடும். ஃபைப்ரினோஜன் என்பது உடலே இரத்தத்தை உறையவைக்கப் பயன்படுத்தும் புரதம். ஈரம் பட்டதும் த்ராம்பின் என்ற நொதி அதை வெட்டி இழைகளாக்குகிறது. பின்னர் இரத்தத்தில் உள்ள மற்றொரு நொதி அந்த இழைகளை ஒன்றோடொன்று வலுவான வேதிப்பிணைப்பால் தைத்துவிடுகிறது.

இந்தக் கொள்கையிலேயே, உலர்ந்த ஃபைப்ரினோஜனும் த்ராம்பினும் பதித்த எவரெஸ்ட் என்ற ஒட்டுத்துணி எத்திகன் நிறுவனத்தின் தயாரிப்பாக 2012ஆம் ஆண்டில் அமெரிக்க அனுமதியைப் பெற்றது. எனினும் ஃபைப்ரின் வகைப் பசைகளுக்கு மனித இரத்தத்தின் பிளாஸ்மா தேவைப்படுவதால் விலை அதிகம். திரவ வடிவில் பயன்படுத்தும்போது ஈரத் திசுவில் அவற்றின் பிடிப்பும் வலுக் குறைந்தது.

சிப்பியிடம் கற்கும் பாடம்

மேற்கண்ட பசைகள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை இருப்பதால், அறிவியலாளர்களின் பார்வை கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் சிப்பியினங்களின் மீது திரும்பியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரைகளில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் மீனவர்கள், இரும்புக் கருவியால் நெம்பித்தான் அவற்றைப் பாறையிலிருந்து பெயர்க்கின்றனர். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் சுரங்கக் குழாயில் பச்சைச் சிப்பிகள் பெருந்தொகையாக ஒட்டி வளர்ந்து இடையூறு விளைவித்ததும், அவற்றைக் கட்டுப்படுத்தக் குளோரின் பயன்படுத்தப்படுவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

சிப்பியின் பசையில் டோபா என்ற அமினோ அமிலம் இருப்பதை ஹெர்பர்ட் வெய்ட், மார்வின் டான்சர் ஆகிய ஆய்வாளர்கள் 1981ஆம் ஆண்டில் அறிவித்தனர். பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகத் தரப்படும் அதே பொருள்தான் இது. அதன் வளையத்தில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. பரப்பில் உள்ள நீரை விலக்கிவிட்டு அவை அங்கே அமர்ந்துகொள்கின்றன.

டோபாவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. இயல்பான நிலையில் அது பாறை, உலோகம் போன்றவற்றை நன்கு பற்றும். காற்றிலுள்ள ஆக்சிஜனால் வினையுற்று குவினோனாக மாறிய பின் அந்தப் பிடிப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் அந்த நிலையில் அது புரதங்களின் அமைன் தொகுதிகளுடன் நிரந்தரப் பிணைப்பை உருவாக்கும். பிலிப் மெஸ்ஸர்ஸ்மித்தின் குழு 2006ஆம் ஆண்டில் ஒற்றை மூலக்கூறுகளை இழுத்துப் பார்த்து இதை அளந்து காட்டியது. அப்போது இலினோய் மாநிலத்தின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், பின்னர் விரிகுடாப் பகுதியின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இப்பணியைத் தொடர்ந்தார்.

ஆகவே பரப்பைப் பற்றுவதற்கு ஒரு நிலையும், பசை தனக்குள் இறுகுவதற்கு மற்றொரு நிலையும் தேவைப்படுகின்றன. சிப்பி இதைத் திறமையாகக் கையாள்கிறது. பசையை அமிலத் தன்மையுடன் சுரந்து, கந்தகம் அடங்கிய மற்றொரு புரதத்தைக் காவலாக வைத்து, டோபா அவசரமாக மாறிவிடாமல் காக்கிறது. கடல்நீரின் காரத்தன்மை பட்ட பின்னரே இறுக்கம் கூடுகிறது.

டோபா மட்டும் போதாது என்பதும் பின்னர் தெரியவந்தது. நேர்மின் சுமை கொண்ட லைசின் என்ற அமினோ அமிலம் டோபாவுக்கு அருகில் இருந்தால், அது பரப்பில் ஒட்டியுள்ள உப்பு அயனிகளை முதலில் விலக்கி வழிவிடுகிறது என்று கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் உள்ள ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதாவது, மூலக்கூறில் என்ன இருக்கிறது என்பதோடு எது எதற்கு அருகில் இருக்கிறது என்பதும் முக்கியமாகிறது.

இயற்கைப் பசையை அப்படியே பிரித்தெடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஒரு கிராம் பசைக்குச் சுமார் 10,000 சிப்பிகள் தேவைப்படும் என்று மதிப்பிடப்படுகிறது. எனவே ஆய்வகங்கள் டோபாவின் வளையத்தை மட்டும் எடுத்து வேறு மூலக்கூறுகளில் பொருத்துகின்றன. டெக்சாஸின் ஆர்லிங்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜியான் யாங் தலைமையிலான குழு, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தையும் பாலிஎத்திலீன் கிளைகாலையும் டோபமைனையும் இணைத்து ஒரு பசையை உருவாக்கியது. ஈரத் திசுவில் அதன் பிடிப்பு, ஃபைப்ரின் பசையைவிட 2.5 முதல் 8 மடங்கு வரை வலுவாக இருந்ததாக 2012ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை கூறுகிறது. அதன் எஸ்டர் பிணைப்புகள் நீரால் அறுபட்டு, பசை காலப்போக்கில் உடலில் கரைந்துவிடும்.

ஆனால் சிப்பி தன் புரதங்களைக் கொண்டு செய்யும் நேரக் கட்டுப்பாட்டை ஆய்வகங்களில் செய்வது எளிதாக இல்லை. பசையை விரைவாக இறுகச் செய்ய ஆக்சிஜனேற்றிகள் சேர்க்கப்படுகின்றன. அவை அதிகமானால் திசுவுக்குத் தீங்கு. டோபா முழுவதும் மாறிவிட்டால் பரப்பின் மீதான பிடிப்பும் மாறிவிடுகிறது.

எந்தக் காயத்துக்கு எந்தப் பசை?

இந்த வரலாற்றிலிருந்து தெளிவாவது, எல்லாக் காயங்களுக்கும் ஏற்ற ஒற்றைப் பசை இதுவரை இல்லை என்பதே. குழந்தையின் நெற்றிக் காயத்தை ஒரு வாரம் மூடிவைத்தால் போதும், அங்கே கடினமான பசையும் பயன்படும். தமனியின் தையலுக்குச் சில வாரங்கள் நிற்கும் மென்மையான வலை தேவை, அது வீங்கினாலும் பெரும்பாலும் பாதகமில்லை. முதுகுத்தண்டின் அருகில் அதே வீக்கம் ஊனத்தை உண்டாக்கலாம். போர்க்களத்தில் முதல் சில நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கின்றன. ஆனால் மருத்துவமனையை அடையும்வரை பிடிப்பு நழுவாமல் இருக்க வேண்டும்.

நீரால் தொடங்கும் பசை நீராலேயே முடிகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான காலம் நொடிகளா, நாட்களா, வாரங்களா என்பதைக் கரிமச் சங்கிலியின் நீளமும், பிணைப்பின் வகையும், அருகருகே அமைந்த தொகுதிகளும் முடிவுசெய்கின்றன. அறுவைச் சிகிச்சை நிபுணர் பசையைத் தேர்ந்தெடுக்கும்போது, உண்மையில் அந்தக் கால அளவையே தேர்ந்தெடுக்கிறார்.